ஏலத்தில் போன டிரம்

நம் சபையின் இசைக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் உங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் என்னைச் சேர்த்தீர்கள். சேர்த்த கையோடு இரண்டு காரியம் கேட்டீர்கள். "ஆன்ட்டி, உங்க காலத்து ராக் பேண்ட் அனுபவத்தை எங்களுக்கு எழுதிக் குடுங்க" என்றது ஒன்று. "ஸ்டோர் ரூம்ல ஒரு பழைய டிரம் இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு, பழைய சாமான்காரருக்குப் போட்டுடலாமா?" என்றது இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு விஷயம் என்று நினைத்துத்தான் கேட்டிருப்பீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பாதியில் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள்.

ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அது சம்பளத்துக்குப் பார்த்த வேலை. மனதுக்குள் என் வேலை என்று நான் நினைப்பது வேறு. மைசூரில் கிறிஸ்தவ ராக் என்ற பேச்சையே யாரும் கேட்டிராத காலத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் நடத்தினோம். அதில் நான் பேஸ் கிட்டார். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசிப்பேன். கிட்டாரைவிடச் சேலையைத்தான் ஜனங்கள் அதிகம் பார்த்தார்கள்.

விக்டர் பாடுவான், லீட் கிட்டார் வாசிப்பான், பாட்டும் எழுதுவான், கோபமும் படுவான். கீபோர்டு பிரகாஷ் வீட்டில் கன்னடம் பேசுகிறவன். எங்களோடு சுற்றித் தமிழ் கற்றுக்கொண்டு, அதை முக்கியமாக எங்களைத் திட்டுவதற்குப் பயன்படுத்தினான். டிரம்ஸ் ஸ்டான்லி. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, அதிகம் பேசமாட்டான், கால்சட்டையின் பின்பாக்கெட்டில் எப்போதும் இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பைபிளில் இஸ்ரவேலர் எக்காளம் ஊதிச் சுற்றிவந்தபோது எரிகோவின் மதில் ஏழாம் சுற்றில் இடிந்து விழுந்ததல்லவா, அதை நினைத்து எங்கள் குழுவுக்கு 'செவன்த் ரவுண்ட்' என்று பெயர் வைத்தோம். போஸ்டரைப் பார்த்த பாதிப் பேர் குத்துச்சண்டைப் போட்டி என்று நினைத்தார்கள்.

எந்தக் கம்பி, எந்த ஆம்ப், எப்படி மைக் வைப்பது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதற்கு யூடியூப் இருக்கிறது, நீங்களும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஒரு நெருக்கடியில் வாயைத் திறப்பதா மூடுவதா, போவதா நிற்பதா என்று முடிவு செய்கிற அந்த நிமிஷம் யூடியூப்பில் வராது. அந்த மாதிரி நிமிஷங்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஹனூர் பக்கத்து ஒரு கிராமம். அங்கே தமிழ் பேசும் விவசாயக் குடும்பங்கள் நிறைய. அங்கிருந்த கிறிஸ்தவக் கோவில் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கொள்ளேகாலத்தில் பஸ் மாறி, சாமான்களை மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ்ஸின் தலையில் கட்டிக்கொண்டு போய் இறங்கினோம். எங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் பாட்டையெல்லாம் தெரிந்த வேகத்தில் வாசித்துத் தள்ளினோம். விக்டர் ஒரு பாட்டின் முடிவில் முழங்காலில் விழுந்து கிட்டாரை வானத்துக்குத் தூக்கிக் காட்டினான். கூட்டம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதை பக்தி என்று எடுத்துக்கொண்டோம்.

முடிந்ததும் ஒரு விவசாயி, எங்களுக்குச் சாப்பாடு போட்ட வீட்டுக்காரர், சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னார். "பாட்டெல்லாம் நல்லாத்தானுங்க இருந்துது. என்ன பாடுனீங்கன்னுதான் ஒண்ணும் வெளங்கலீங்க."

"இயேசுவைப் பத்திங்க" என்றான் விக்டர்.

"அப்புடீங்களா? அவரப் பத்தின்னா கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருந்தா நாங்களும் கேட்டிருப்பமுங்க."

அவர் கிண்டல் செய்யவில்லை, மனசார வருத்தப்பட்டார். விக்டருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியிலேயே இரண்டு பாட்டைத் தமிழுக்கு மாற்றிவிட்டான். அந்த வார்த்தையைச் சாம்பாரோடு சேர்த்துப் பரிமாறிய மனிதருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். அது எங்களுக்கு எப்போது கைகொடுத்தது என்று பின்னால் சொல்கிறேன்.

இப்படி ஊர் ஊராக வாசித்தோம். கல்லூரிகள், முகாம்கள், பெங்களூர்கூட. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வாசிக்க முடியவில்லை. அது நம் சபைதான், நீங்கள் இன்று எல்இடி விளக்குப் போட்டு வாசிக்கிற அதே இடம்.

காரணம், வாலிபர்கள் ஆராதனை நடத்தும் இளைஞர் ஞாயிற்றுக்காக நாங்கள் கோவிலில் போட்ட ஒத்திகை. அன்று எங்கள் சத்தத்தில் ஒரு ஜன்னல் கண்ணாடி கழன்று விழுந்தது. பழைய ஜன்னல், நாங்கள் வாசிக்காவிட்டாலும் அந்த வாரமோ அடுத்த வாரமோ விழுந்திருக்கும். விக்டர் சும்மா இருக்காமல், "பாத்தீங்களா, எரிகோ" என்று சொல்லித் தொலைத்தான். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் செயலர் ஒரு விதி கொண்டுவந்தார். சபைக்குச் சொந்தமில்லாத எந்த வாத்தியத்தையும் ஆராதனையில் வாசிக்கக் கூடாது. ஆர்கன் சபையுடையது, அதனால் அது வாசிக்கலாம். மற்றதெல்லாம் வாசலோடு சரி.

அந்தச் செயலரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கோவில் கல்வெட்டில்கூடத் தன் பெயர் வரக் கூடாது என்றவர். கோர்ட்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். எதற்கும் ஒரு விதி வைத்திருப்பார். செருப்பை எந்தப் பக்கம் கழற்ற வேண்டும் என்பதற்குக்கூட ஒன்று இருந்தது. நாங்கள் அவரைப் பற்றிப் பேசாத பேச்சு இல்லை.

விதியால் எங்கள் மூன்று பேருக்கும் வீறாப்புதான் வந்தது. ஸ்டான்லிக்கு அது வேறு மாதிரி வலித்தது. அவனுடைய சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மா டெய்லரிங் செய்து வளர்த்தவர். எங்கள் கச்சேரி ஒன்றுக்கும் அவர் வந்ததில்லை. கோபமெல்லாம் இல்லை. "கோவில்ல வாசிக்க முடியாத வாத்தியம் என்னடா வாத்தியம்? அங்க வாசி, நான் உக்காந்து கேக்கறேன்" என்பார். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அவருடைய இடம். ஞாயிறுதோறும் ஸ்டான்லி கடைசி பெஞ்சிலிருந்து அந்த மூன்றாவது பெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பான். எத்தனையோ மேடையில் கைதட்டல் வாங்கியவனுக்கு அம்மா ஒருமுறை கேட்கவேண்டும் என்பதுதான் ஆசை.

இந்த நிலையில்தான் அறுப்பின் பண்டிகை வந்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் அப்போது அது இன்னும் பெரிதாக நடக்கும். பூசணி, கரும்பு, வாழைத்தார், கோழி, அவரவர் கையால் செய்த முறுக்கு எல்லாவற்றையும் வெள்ளைத் துணி போர்த்திக் கொண்டுவந்து கோவில் முகப்பில் வைப்பார்கள். பாட்டு பாடும்போது வாலிபர்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக உள்ளே போய் பலிபீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆயர் ஜெபித்துப் படைத்த பிறகு வெளியே மைதானத்தில் ஏலம். படைத்தது எதுவானாலும் ஏலத்துக்குப் போயே தீரவேண்டும். கமிட்டி ஒரு வாழைப்பழத்தைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்கும் விதி எழுதியவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் ஒரு கல்லூரியில் எங்கள் நிகழ்ச்சி. ஆராதனை முடிந்து அப்படியே கிளம்பிவிடலாம் என்று டிரம் செட்டை டெம்போவில் கொண்டுவந்திருந்தோம். காலையில் மழை பிடித்துக்கொண்டது. டெம்போக்காரருக்கு வேறு லோடு இருந்தது. ஸ்டான்லி டிரம்களை இறக்கி, நனையாத ஒரே இடமாயிருந்த கோவில் முகப்பில் வைத்தான். சாரல் படாமலிருக்க வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளை பெட்ஷீட்டை மேலே போர்த்தினான். பிறகு எங்களோடு டீ குடிக்க வந்துவிட்டான்.

முகப்பு, வெள்ளைத் துணி, அறுப்பின் பண்டிகை. நாங்கள் டீ குடித்துவிட்டுக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். தாமதமாக வருகிறவர்களுக்கான அந்த பெஞ்சில் மட்டும் ஆண் பெண் என்று யாரும் பிரிக்கமாட்டார்கள். அப்போது ஊர்வலம் உள்ளே வந்துகொண்டிருந்தது. பூசணி போனது. கரும்பு போனது. அதன் பின்னால் இரண்டு தடியான வாலிபர்கள், ஸ்டான்லி வீட்டு பெட்ஷீட் போர்த்திய எங்கள் பேஸ் டிரம்மை மூச்சுவாங்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் மேல் யாரோ ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு வைத்திருந்தார்கள். பின்னாலேயே மற்ற டிரம்களும் சிம்பல் தட்டுகளும் ஒவ்வொன்றாகப் போயின.

பலிபீடத்துக்கு முன்னால் செயலர் ஒவ்வொரு துணியாக எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். பெட்ஷீட்டை எடுத்தார். டிரம்மைப் பார்த்தார். நிமிர்ந்து, அத்தனை தலைகளையும் தாண்டி, கடைசி பெஞ்சில் எங்களைப் பார்த்தார். பிறகு பெட்ஷீட்டையும் நாலாக மடித்து வைத்தார். ஆயர் கண்ணை மூடி, "இவை யாவும் உம்முடையவை" என்று ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்.

விக்டர் எழுந்துவிட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காரு."

"அக்கா, நம்ம டிரம்மு அது. ஏலத்துல போயிடும்."

"தெரியுது. ஜெபம் முடியட்டும். இப்ப நீ வாயைத் தொறந்தா டிரம்மும் கிடைக்காது, மரியாதையும் போயிடும்."

"சும்னே இரு மாராயா" என்று கன்னடத்தில் அடக்கி, பிரகாஷும் அவனை அழுத்தி உட்கார வைத்தான். ஸ்டான்லி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தான். சபை முழுவதும் ஆமென் சொன்னது. என்ன செய்வது என்று தெரியாமல் நாங்களும் சொன்னோம்.

அந்த நேரத்தில் என் மனதில் பெரிய ஞானம் எதுவும் ஓடவில்லை. ஜெபத்தின் நடுவில் கத்தக் கூடாது என்று எனக்கு வீட்டில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். சில நேரம் நல்ல வளர்ப்பே போதும். யோசிக்க நேரமில்லாதபோது அதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

ஆராதனை முடிந்ததும் ஓடினோம். ஆயர் பாவம், "அடடா, உங்களுதா?" என்று செயலரைப் பார்த்தார்.

செயலர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "படைச்சாச்சு. ஜெபமும் ஆச்சு. இன்னைக்கு டிரம்மைத் திருப்பிக் குடுத்தா, அடுத்த வருஷம் கோழி குடுத்தவங்க மத்தியானக் கொழம்புக்கு வேணும்னு வந்து நிப்பாங்க. ஏலத்துல கேளுங்க. யார் வேணும்னாலும் கேக்கலாம்."

விக்டரின் முகம் சிவந்துபோனது. வாதாட இடமே இல்லை. நாங்கள் மூன்று பேரும் பையில் இருந்ததையெல்லாம் ஒன்றாகப் போட்டோம். ஸ்டான்லி கொஞ்சம் தள்ளி நின்றான்.

மழை விட்டிருந்தது. மைதானத்தில் ஏலம் களைகட்டியது. நம் ஏலத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். யாரும் பொருளுக்காகக் கேட்பதில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தை ஒருவர் எடுத்து, "திரும்பவும் சபைக்கே" என்று கொடுக்க, அது மறுபடி ஏலத்துக்கு வந்து, இன்னொருவர் எடுத்து, அவரும் கொடுக்க, சாயங்காலம் வரை அதே எலுமிச்சம்பழம் சுற்றும். அன்று மட்டும் ஒரு ஆள் பொருளுக்காகவே வந்திருந்தார். கல்யாண ஊர்வலங்களில் வாசிக்கும் பேண்ட் செட் ஒன்றின் சொந்தக்காரர். கோழி வாங்கலாம் என்று வந்தவர், டிரம்மைக் கண்டதும் கோழியை மறந்துவிட்டார்.

விக்டர் கேட்டான். அவர் ஏற்றினார். நான் கேட்டேன். அவர் மறுபடி ஏற்றினார். எங்கள் கையில் இருந்தது தீர்ந்துவிட்டது. அப்போது ரோஸ்மேரி ஆன்ட்டி நுழைந்தார். ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்தவர், அவருடைய குரலுக்கு டாக்டர்களே பயப்படுவார்கள். எங்கள் நிலைமையைப் பார்த்து மனது கேட்காமல், எங்களுக்கு வாங்கிக் கொடுக்கத்தான் கேட்டார். பேண்ட் செட்காரர் அந்தக் குரலில் ஒரு கணம் தடுமாறிப் போனார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். டிரம் ஆன்ட்டிக்கு.

எங்களுக்கு உயிர் வந்தது. ஆன்ட்டி முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்தார். அவர் குடும்பத்தில் ஏலத்தில் எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோன வழக்கமே கிடையாது. அப்பா காலத்திலிருந்து எடுப்பதும் அந்த நிமிஷமே திருப்பிக் கொடுப்பதும்தான். வாய் தன்னால் சொல்லிவிட்டது.

"திரும்பவும் சபைக்கே."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆன்ட்டி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஏலம் விடுகிறவர் டிரம்மை மறுபடி மேஜைமேல் ஏற்றிவிட்டார்.

இந்த முறை பேண்ட் செட்காரர் எந்தக் குரலுக்கும் அசையவில்லை. ஏறிக்கொண்டே போனது. ஆன்ட்டியும் கைவிட்டுவிட்டார். ரெண்டு தரம் சொல்லியாயிற்று. அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் ஏற்றிக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் செயலர். பேண்ட் செட்காரர் ஏற்றினார், இவர் மறுபடி ஏற்றினார், நிறுத்தாமல், சத்தம் போடாமல். கடைசியில் அவருக்கே விழுந்தது. திரும்பக் கொடுக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆட்களை வைத்து டிரம் செட்டைக் கோவிலின் பக்கத்து அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த ஏலம் முழுக்க ஸ்டான்லி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அம்மா ஒரு கட்டு கீரையை ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்து, "போனது போகட்டும், வா சாப்பிட" என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

விக்டர் அங்கேயே நின்று, இனி இந்தச் சபையில் கால் வைக்கமாட்டேன் என்றான். "நம்மள அடக்கத்தான் வாங்கியிருக்கார் அக்கா. பூட்டி வெச்சே சாகடிப்பார்." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சாயங்காலம் நிகழ்ச்சி இருந்தது. டிரம் போனதே என்று உட்கார்ந்திருந்தால் பேண்டும் போய்விடும் என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஸ்டான்லி வீட்டுக்குப் போனேன்.

"நான் வந்து என்னக்கா பண்றது? வேடிக்கை பாக்கவா?"

"கை இருக்குதில்ல? வந்து முன்னாடி நின்னு தட்டு."

"டிரம்மர் கை தட்டறதா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நாலு பேரா வர்றோம்னு சொல்லியிருக்கோம், நாலு பேரா நிப்போம்."

வந்தான். மேடையில் எப்போதும் பின்னால் டிரம்களுக்குள் மறைந்து உட்கார்ந்திருப்பவன், அன்று முதன்முறையாக முன்னால் நின்றான். கைகளை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வேகமான பாட்டையெல்லாம் விட்டுவிட்டு, ஹனூர் விவசாயி புண்ணியத்தில் தமிழாக்கிய பாட்டுகளை எடுத்தோம். நான் பேஸில் தாளத்தைப் பிடித்துக்கொண்டேன், ஸ்டான்லி கைதட்டினான். அமோகமாக நடந்தது என்று சொன்னால் பொய். முன்வரிசைப் பையன்கள் கொஞ்சம் பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் மெல்ல அவனோடு சேர்ந்து தட்டினார்கள். இரண்டாவது பாட்டில் எங்கள் சத்தத்தைவிட அவர்கள் சத்தம் கூடிவிட்டது. விக்டர் எழுதிய வரிகள் ஒவ்வொன்றும் பின்வரிசை வரை கேட்டன. எங்களுக்கே அன்றுதான் அவை முழுசாகக் கேட்டன.

அடுத்த ஞாயிறு விக்டரையும் பிடித்து இழுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. ஆர்கனுக்குப் பக்கத்தில் எங்கள் டிரம் செட் நின்றுகொண்டிருந்தது. யாரோ தெரியாதவர் கை பட்டு மாட்டியது, சிம்பல் ஒன்று தலைகீழாக இருந்தது.

அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில் செயலர் எழுந்தார். அதே சின்னக் குரலில் வாசித்தார். "போன வாரம் ஏலத்தில் எடுத்த டிரம் செட்டை ஒரு சபையார் சபைக்கே கொடுத்திருக்கிறார். அது இனி சபையின் வாத்தியம். ஆராதனையில் வாசிக்கலாம். கோவிலை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது."

வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தச் சபையார் யார் என்று எல்லோருக்கும் தெரியும், அவர் மட்டும் தெரியாதவர் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்லிவிட்டு, "வாசிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா வரலாம்" என்றார். சபை முழுவதும் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தது.

ஸ்டான்லி எழுந்து போனான். நடந்து போகும்போதே பின்பாக்கெட்டிலிருந்து குச்சிகளை எடுத்துவிட்டான். சிம்பலைச் சரியாகத் திருப்பி மாட்டினான். அது மெதுவான பழைய கீர்த்தனை. நாங்கள் வாசிக்கும் எதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவன் அலட்டிக்கொள்ளவில்லை. ஜனங்கள் மூச்சு விடுகிற இடத்தில் ஒரு தட்டு, அவ்வளவுதான், பாட்டு முடியும் வரை. நான் அவனைப் பார்க்கவில்லை. மூன்றாவது பெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அம்மா புத்தகத்தைத் திறக்காமல் நேராக உட்கார்ந்திருந்தார்.

முடிந்து வெளியே வந்ததும் ஸ்டான்லி ஓடிப்போய் அவர் முன்னால் நின்றான். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா, கேட்டியா?"

"எங்கடா கேட்டுது? எலி கொறிக்கற மாதிரி ஏதோ ஒரு சத்தம். இதுக்கா இத்தன வருஷம் சண்ட போட்டீங்க? அடுத்த வாரம் நல்லா அடி."

ஸ்டான்லி சிரித்தபடியே அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் நன்றாகவே அடித்தான். செயலர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஒருமுறை அசைத்தார், கொஞ்சம் குறைத்தான். அதற்கு விதி எதுவும் எழுதப்படவில்லை.

விக்டர் மட்டும் கணக்குப் போட்டான். "இங்க வாசிக்கலாம், சரி. வெளிய எதை வெச்சு வாசிக்கறது? அடுத்த மாசம் பெங்களூர் இருக்கே." ஸ்டான்லி அதிகம் யோசிக்கவில்லை. "அது இங்கயே இருக்கட்டும். வெளிய எந்த டிரம்மக் குடுத்தாலும் வாசிப்பேன்" என்றான். அவன் எத்தனை ஆசைப்பட்டு வாங்கிய டிரம் என்று எங்களுக்குத் தெரியும்.

பெங்களூருக்கு டிரம் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஏலத்தில் தோற்ற பேண்ட் செட்காரர். பிரகாஷ் போய்க் கேட்டான். அவர், "ஆ டிரம் நனகே பேகித்து, ஹோக்லி பிடி" என்றாராம். எனக்குத்தான் வேண்டியிருந்தது, போகட்டும் விடு என்று. அப்புறம் தன்னுடையதையே எடுத்துக் கொடுத்தார். அதன் முன்பக்கம் அவருடைய பேண்ட் செட்டின் பெயர் பெரிதாகப் பெயிண்ட் அடித்திருந்தது. பெங்களூரில் எங்கள் நிகழ்ச்சி முடிந்ததும் ஒருவர் வந்து மகள் கல்யாணத்துக்குத் தேதி கேட்டார்.

செயலர் ஏன் அப்படிச் செய்தார் என்பது வெகுகாலம் எங்களுக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து அக்ரஹாரத்தில் ஒரு ஓட்டலில் அவரைத் தற்செயலாகப் பார்த்தேன். செட் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து கேட்டேவிட்டேன். "ஐயா, விதியை எடுத்துவிட்டிருந்தா ஏலமே தேவைப்பட்டிருக்காதே?"

"நான் எழுதினதை நானே அழிச்சா நாளைக்கு எவன் மதிப்பான்? விதி அங்கயே இருக்கட்டும்மா. டிரம்தான் இடம் மாறணும், மாத்திட்டேன்."

"ஆனா எங்க மேல உங்களுக்குக் கோபம் இருந்துதே."

"இருந்துது. அன்னைக்குத் துணியை எடுத்ததும் உங்களைத்தான் பார்த்தேன். எழுந்து நின்னு கூச்சல் போடுவீங்கன்னு நினைச்சேன். போட்டிருந்தா அப்பவே தூக்கி உங்க கையில குடுத்து வாசலைக் காட்டியிருப்பேன். நீங்க ஆமென் சொன்னீங்க."

எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "அது பக்தி இல்லீங்க ஐயா. கை கால் ஓடலை, அதான்."

"தெரியும். உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுது" என்றார். "ஆனாலும் ஜெபத்தைக் கலைக்கலியே. சபைக்குள்ள இருக்கத் தெரிஞ்சவங்களுக்குச் சபைக்குள்ள வாசிக்கவும் தெரியும்னு தோணிச்சு." சொல்லிவிட்டு எனக்கும் ஒரு காபி சொன்னார்.

தம்பிகளே, தங்கைகளே, எங்களுக்கு எத்தனையோ பேர் கைதட்டினார்கள். நான் நன்றியோடு நினைப்பது அந்தக் கைதட்டலை அல்ல. என்ன பாடுகிறீர்கள் என்று கேட்ட விவசாயி, வாய் தவறித் திருப்பிக் கொடுத்த ரோஸ்மேரி ஆன்ட்டி, தோற்ற பிறகும் டிரம் கொடுத்தவர், விதியை மீறாமலே எங்களை உள்ளே விட்ட மனிதர். எங்களைத் தடுத்தவர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பாதிப் பேர் எங்களைத் தூக்கிவிட்டவர்கள். உங்களுக்கும் ஒரு கமிட்டி இருக்கும், ஒரு செயலர் இருப்பார். கத்துவதற்கு முன்னால் ஒரு ஆமென் சொல்லிப் பாருங்கள். அதற்குள் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அந்த செட்டில் மிஞ்சிய பேஸ் டிரம்தான் ஸ்டோர் ரூமில் இருப்பது. தோல் கிழிந்திருக்கும், விளிம்பு துருப்பிடித்திருக்கும். பழைய சாமான்காரருக்குப் போட முடியாது, கோவிலை விட்டு வெளியே போகக் கூடாது என்ற விதியை இன்றுவரை யாரும் எடுக்கவில்லை. ஆனால் இடத்தை அடைக்கிறது என்று நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் நேற்று ஸ்டான்லிக்கு போன் போட்டேன். அவனுக்கு இப்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. அம்மா போய் எத்தனையோ வருஷமாகிறது, அவன் அந்த மூன்றாவது பெஞ்சுக்கு நேர் எதிரே ஆண்கள் பக்கம்தான் இன்றும் உட்காருகிறான். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு ஏலத்துல எல்லாரும் கேட்டாங்க. என் டிரம்ம நான் மட்டும் ஒரு வார்த்தை கேக்கலை" என்றான். "இந்த அறுப்புப் பண்டிகைல வெக்கச் சொல்லுங்க. நான் கேக்கறேன்."

ஆகவே அதைத் துடைத்து, ஒரு வெள்ளைத் துணி போர்த்தி, முகப்பில் கொண்டுவந்து வையுங்கள். மேலே ஒரு சீப்பு வாழைப்பழம் வைக்க மறக்காதீர்கள். ஏலத்தில் ஸ்டான்லி கேட்கும்போது, வயசானவர் பாவம் என்று யாரும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டாம். ஏற்றுங்கள், நன்றாக ஏற்றிவிடுங்கள், அவன் மூச்சுவாங்கக் கேட்கட்டும். நானும் ஏற்றுவேன். மூணு தரம் சொல்லி அவனுக்கு விழுந்ததும் அவன் என்ன சொல்வான் என்று எனக்கு இப்போதே தெரியும். ரோஸ்மேரி ஆன்ட்டி வாய் தவறிச் சொன்னதையே இவன் வாய் தவறாமல் சொல்வான். அதற்குப் பிறகும் அதை ஸ்டோர் ரூமில் கொண்டுபோய்ப் போட உங்களுக்கு மனது வந்தால் போடுங்கள்.